மழை விழுந்த கல்

போதகர் வீட்டு முன்னறைத் தரையைச்
சனிக்கிழமைதோறும் தேய்ப்பவள் நான்,
மார்ஜரி பட்ஜ்.
கெய்த்னஸின் வடகோடி.
கடலுக்குப் பக்கம், மரங்களுக்கு வெகுதூரம்.

இன்று என் தலைக்குமேல் சண்டை.
எனக்குத் தெரிவது இரண்டு சோடிக் காலணிகள்.
கறுப்புக் காலணி, போதகர் மோவாட்:
"மாலை என்றால் மாலை, காலை என்றால் காலை.
இருபத்துநான்கு மணி நேரம்.
ஒரு நிமிடம் கூடாது, குறையாது."
சேறு அப்பிய காலணி, நில அளவையர் கால்டர்:
"சூரியனே நாலாம் நாள்தானே வந்தது ஐயா,
முந்தின மூன்று நாளை
எந்தக் கடிகாரத்தில் பார்த்தார்கள்?"
சேறு, நான் இப்போதுதான் துடைத்த இடத்தில்.

கறுப்பு ஓரடி முன்னால் வந்து
எபிரெயம் பேசியது.
சேறு அசையாமல் நின்று
குன்றுகளின் வயதைச் சொன்னது:
ஒரு நாளுக்குள் யுகங்கள் அடங்கிக் கிடக்கின்றனவாம்,
பெட்டிக்குள் மடித்து வைத்த கம்பளிபோல.
கம்பளி நான் சேர்த்தது.
அவர் எதையும் மடித்திருக்க மாட்டார்.

எனக்கு எபிரெயம் தெரியாது.
நாள் தெரியும்.

விக் துறைமுகத்தில் ஆறு கோடை
ஹெர்ரிங் மீனுக்குக் குடல் எடுத்தேன்,
விரல்களில் துணி சுற்றிக் கட்டி,
துணியைத் தாண்டி உப்பு இறங்க.
ஜூன் மாதம் அங்கே சரியாக இருட்டாது.
வானம் கொஞ்சம் சாம்பல் பூசிக்கொள்ளும்,
பிறகு கழுவிக்கொள்ளும்.
இது மாலை, இது காலை என்று
யாரும் வந்து பிரித்துத் தரவில்லை.
படகு வந்தால் நாள் தொடங்கும்,
கடைசிப் பீப்பாய்க்கு மூடி அறைந்தால் முடியும்.
ஒருமுறை வியாழனில் தொடங்கியது
சனியன்று விடியும்போது முடிந்தது.
கணக்கன் பேரேட்டில் ஒரே தேதி போட்டான்.
யாரும் வேதத்தைத் திறந்து வாதாடவில்லை.

கடல் மீனால் நிறைந்தது ஐந்தாம் நாள் என்கிறார்கள்.
அது சின்ன நாளாய் இருந்திருக்காது.
ஹெர்ரிங்குக்கு மட்டும் எத்தனை செதில்!
ஆனால் அவர் கையின் வேகம் நமக்கென்ன தெரியும்.
நான் நிமிடத்துக்கு நாற்பது,
கெடுப்பதில்.

கேட்க எனக்கும் ஒன்று உண்டு, கேட்டதில்லை.
ஆறு நாளுக்கும் மாலை எழுதியவர்
ஏழாவதற்கு எழுதவில்லை.
ஆலயத்தில் வாசிக்கும்போதெல்லாம்
காத்திருந்து பார்க்கிறேன்,
வராது.
அந்த ஓய்வு இன்னும் முடியவில்லையோ?
நாம் எல்லோரும் அந்த ஞாயிறுக்குள்தான் இருக்கிறோமோ?
நாளை ஞாயிறு.
அடுப்பில் புதிதாய் எதுவும் ஏறாது,
கொடியில் துணி கூடாது.
அதனால் இன்று எனக்கு
இரண்டு நாள் வேலை.

அடுப்போரக் கல்லுக்கு வந்துவிட்டேன்.
தர்சோ பக்கம் பலகைபலகையாய்ப் பிளந்தெடுத்த கல்.
அதில் வரிவரியாய் அலை,
கணுக்கால் ஆழத் தண்ணீரைக் காற்று தள்ளிய மாதிரி.
அலைமேல் சின்னச்சின்னக் குழிகள்.
மழை.
எப்போதோ, ஆளில்லாத கரையில்,
பெரிய துளிகளாய் ஆரம்பித்து
மனம் மாறி நின்றுவிட்ட மழை.
துளிகள் சாய்ந்து விழுந்திருக்கின்றன.
காற்று எந்தத் திசையோ,
கல்லைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள்.
ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரம்கூடப்
பெய்திருக்காது.
அது யுகத்தில் சேர்ந்ததா, நாளில் சேர்ந்ததா,
தெரியாது.
தூறியது, விட்டது.
அவ்வளவில் சந்தேகமில்லை.

இருவரும் அதன்மேல்தான் நிற்கிறார்கள்.

"காலை எடுங்கள்" என்றேன்.
எடுத்தார்கள், ஆளுக்கொரு பக்கம்,
பேச்சை விடாமல்.

துடைத்தேன். குழிகளில் மட்டும் தண்ணீர் நின்றது.
மற்றச் சனிக்கிழமைகளில்
துணிமுனையால் ஒற்றியெடுப்பேன்.
இன்று விட்டுவிட்டு வாளியோடு எழுந்தேன்.
சமையலறையில் பாவாடையை உதறும்போது பார்த்தேன்,
இரண்டு முழங்காலிலும்
அலை பதிந்திருந்தது.